பள்ளி நடக்கும்போதே விளையாட்டுப் பயிற்சிக்கூடம் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

"கோடை விடுமுறையில் ஆரம்பித்துப் பள்ளி திறப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் சார்" என்று ஒரு காண்ட்ராக்டர் சொன்னால், அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கூடைப்பந்துத் திடல் ஒன்று உள்ளே அடங்கும் அளவுக்குக் கூரையிட்ட பயிற்சிக்கூடம் நாற்பது நாளில் எழும்பாது. கடைக்கால் தோண்டுவதில் தொடங்கித் தரையில் கோடு போடுவது வரை ஒழுங்காகச் செய்தால் ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டும் பத்தடி தள்ளி ஆயிரம் பிள்ளைகள் படித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் எட்டிப் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள்.

நான் கட்டடப் பொறியாளன். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண்ணில் பள்ளிக் கட்டடங்களை மேற்பார்வையிட்டு வருகிறேன். கட்டத் தெரிந்தவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் வேலை தொடங்குவதற்கு முன் பள்ளியின் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதை முதல் வரைபடமாக மேஜையில் விரிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரு தாளைப் பார்க்காததால் வந்தவை. ஆகவே இந்த வழிகாட்டியில் சிமெண்டைவிட மணியோசைக்கு இடம் அதிகம்.

1. முதலில் பி.டி. மாஸ்டரிடம் உட்காருங்கள்

நன்கொடை தருகிறவர் கூடத்தின் முகப்பைப் பற்றிப் பேசுவார். தாளாளர் திறப்பு விழாவைப் பற்றிப் பேசுவார். உடற்கல்வி ஆசிரியரிடம் யாரும் பேசமாட்டார்கள். கூட்டத்தில் அவர் கடைசி நாற்காலியில் இருப்பார். அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது என்னென்ன விளையாட்டுகள் நடக்கின்றன? ஒரு பாடவேளையில் எத்தனை பேர் மைதானத்துக்கு வருகிறார்கள்? மழைக்காலத்திலும் உச்சிவெயிலிலும் எது நின்றுபோகிறது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் நீங்கள் கட்டவேண்டிய கூடம்.

பிறகு அளவுகள். கூடைப்பந்துத் திடல் 28-க்கு 15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் காலியிடம் விட்டால் 32-க்கு 19. இந்த 32-க்கு 19 அளவு ஒரு நல்ல அடிப்படை, ஏனென்றால் மற்ற விளையாட்டுகள் பலவும் அதற்குள் அடங்கிவிடும். கைப்பந்துத் திடல் 18-க்கு 9. சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் 24-க்கு 15 போதும். ஆடவர் கபடித் திடல் 13-க்கு 10. பெண்களுக்கு 12-க்கு 8. இறகுப்பந்துத் திடல் 13.4-க்கு 6.1, கூடத்தின் குறுக்குவாட்டில் போட்டால் நான்கு திடல்கள் பக்கம் பக்கமாக அமையும், இடையே ஒன்றரை மீட்டர் நடைவெளியும் கிடைக்கும்.

குறுக்குவாட்டில் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. இருபக்கமும் சரியும் கூரையில் நடுமுகடுதான் உயரம். திடல் குறுக்கே இருந்தால் அந்த முகடு சரியாக வலைக்கு மேலே வரும். உயரத் தூக்கி அடிக்கும் இறகுப்பந்து உச்சிக்குப் போகும் இடமும் ஏறத்தாழ அதுதான். கைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் தரையிலிருந்து 7 மீட்டர் தடையில்லாத உயரம் வேண்டும். இறகுப்பந்தும் ஆடப்போகிறீர்கள் என்றால் நடுவில் 9 மீட்டராவது விடுங்கள். இந்த உயரம் உத்தரத்தின் அடிப்பாகம் வரை. கூரைத் தகடு வரை அளந்து சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எடைப்பயிற்சி அறையும் கேட்பார்கள். கட்டுங்கள்; ஆனால் தரைத்தளத்தில் மட்டும். மேல்தளத்தில் இரும்புத் தட்டைப் போட்டுடைக்கும் சத்தம் கீழே இருக்கும் வகுப்புக்குக் கேட்காத கட்டடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

2. இடம், மண், பழைய சுவர்

பள்ளிக்கு ஒரே மைதானம் இருந்தால் அதன் நடுவில் கட்டாதீர்கள். சொல்லவே தேவையில்லாத விஷயம் என்று தோன்றும். ஆனால் நடுவில் கூடத்தை நிறுத்திவிட்டு, ஓடுவதற்கு இடமில்லாமல் கூடத்தைச் சுற்றி ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 200 மீட்டர் ஓடுபாதையும், நீளம் தாண்டுவதற்கான 40 மீட்டர் ஓட்டத்தடமும் போடும் இடத்தை முதலில் சுண்ணாம்பால் குறித்துவிட்டு, மிஞ்சும் ஓரத்தில் கூடத்தை வையுங்கள். திறந்தவெளித் திடல்கள் இருந்தால் அவற்றின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். மாலை வெயில் கண்ணில் அடிக்காது.

ஓரம் என்றதும் மதில் சுவர் நினைவுக்கு வரவேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழைய சுவர் நின்றுகொண்டிருப்பதாலேயே அது உறுதியானது என்று நினைத்துவிடக்கூடாது. புதிய கடைக்காலுக்குப் பள்ளம் தோண்டும் இடத்துக்கு அருகில் இருக்கும் மதில், கழிவறை, சைக்கிள் நிறுத்தம் எல்லாவற்றின் அடியிலும் ஒரு சிறு குழி தோண்டி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பலவீனமானதை விடுமுறையில் இடித்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

மண் பரிசோதனை கட்டாயம். குறைந்தது மூன்று இடங்களில் துளையிடச் சொல்லுங்கள். செம்மண் நிலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கரிசலில் கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழையில் அதே மண் ஊதி, மேலே இருப்பதைத் தூக்கும். வீட்டுச் சுவரில் விழும் விரிசலைப் பூசி மறைத்துவிடலாம். விளையாட்டுத் தரை ஓரிடத்தில் அரை அங்குலம் எழும்பினால் பந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முன்பே ஒரு பிள்ளையின் கணுக்கால் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, நிலத்துக்குள் இருப்பவை. எந்தப் பள்ளியிலும் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடம் இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதை மனதில் வைத்திருக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார்: பெரும்பாலும் காவலாளி, அல்லது ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர். நான் பார்த்த ஒரு பள்ளியில் ஜேசிபி வந்த முதல் நாளே காலை பத்தரைக்குக் குடிநீர்க் குழாய் உடைந்தது. அன்று உச்சிவேளைக்கு எண்ணூறு பேருக்குத் தண்ணீர் இல்லை. குழியருகே வந்து நின்ற காவலாளி, "என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, அண்ணாச்சி" என்றார். இப்போதெல்லாம் முதல் வேலையாக அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு நடந்து, அவர் கைகாட்டும் இடங்களில் எல்லாம் முளைக்குச்சி அடித்துவிடுகிறேன்.

மரங்களைக் குறித்து ஒரு சொல். வேப்பமரத்தைத் தப்பவைக்க முடிந்தால் கூடத்தை ஐந்தடி நகர்த்துங்கள். அரசு நிலத்தில் வெட்டியே ஆகவேண்டும் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கோடரியைத் தூக்காதீர்கள்.

3. பள்ளி நாட்காட்டியும் வேலை நாட்காட்டியும் ஒரே தாளில்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம் போன்ற பகுதி. இடப்பக்கம் பள்ளியின் ஆண்டு: ஜூன் திறப்பு, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பொங்கல் விடுமுறை, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுகள், மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. வலப்பக்கம் வானத்தின் ஆண்டு: வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வேலைத்திட்டம் தானாக உருவாகிவிடும்.

கரிசல் பகுதிக்கு நான் வழக்கமாகப் போடும் திட்டம் இது:

மே: தடுப்பு, தனிவாசல், பழைய குழாய்களை மாற்றுவது, கடைக்கால். மண் காய்ந்திருக்கும், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை: இரும்புச் சட்டங்கள் வெளியூர்ப் பட்டறையில் தயாராகும். வளாகத்தில் அடிமட்ட உத்தரம், உடைமாற்றும் அறை, கழிவறை போன்ற ஓசை குறைந்த வேலைகள்.

காலாண்டு விடுமுறை: கிரேன் வருவது, சட்டங்களைத் தூக்கி நிறுத்துவது. அதைத் தொடர்ந்து வரும் சனி, ஞாயிறுகளில் கூரைத் தகடு. மழை பிடிப்பதற்குள் கூரை மூடியிருக்கவேண்டும்.

மழைக்காலம்: கூரைக்கு உள்ளே சுவர், பூச்சு, மின்வேலை.

ஜனவரி, பிப்ரவரி: தரை.

மார்ச், ஏப்ரல்: ஓசையுள்ள வேலை எதுவும் கிடையாது. வர்ணம் மட்டும்.

மே: தரை விரிப்பு, கோடு, கருவிகள். ஜூனில் பிள்ளைகள்.

இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்தால் ஆபத்து: காலாண்டு விடுமுறைக்குச் சட்டங்கள் வந்து சேரவில்லை என்றால், மழையில் திறந்த தரையோடு டிசம்பர் வரை உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே பட்டறைக்குத் தரும் ஆணையில் சப்ளை தேதியை எழுதி, தாமதத்துக்கு வாரக்கணக்கில் பிடித்தம் உண்டு என்றும் எழுதிவிடுங்கள்.

நாட்காட்டியில் விட்டுப்போகும் நாட்கள் சில உண்டு. உங்கள் பள்ளி பொதுத்தேர்வு மையமா? அப்படியென்றால் தேர்வு அறைகளுக்குப் பக்கத்தில் சுத்தியல் சத்தமே கூடாது. வாக்குச்சாவடியா? தேர்தல் நாளில் சாய்தளமும் பாதையும் திறந்திருக்கவேண்டும். வெள்ளம் வந்தால் ஊரார் தங்குமிடமா? மழைக்காலத்தில் வாசலை ஜல்லிக் குவியலால் அடைத்துவைக்க முடியாது.

நாளுக்குள்ளும் ஓர் அட்டவணை வேண்டும். காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையிலும், மாலை மூன்றே முக்கால் முதல் நாலே முக்கால் வரையிலும், மதிய உணவு இடைவேளையிலும் வளாகத்தில் எந்த வண்டியும் நகரக்கூடாது. டிப்பர் ஓட்டுநர் வாசலுக்கு வெளியே நின்று டீ குடிக்கட்டும். துளையிடுவது, கம்பி அறுப்பது, இடிப்பது எல்லாம் காலை ஏழு முதல் எட்டரைக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி நூறு மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல் வரம்பு. ஒரு கான்கிரீட் கலவை இயந்திரம் அந்த வரம்பை முதல் நிமிடத்திலேயே தாண்டிவிடும். இயந்திரத்தை வகுப்பறையிலிருந்து ஆக விலகிய மூலையில் வைப்பதும், முடிந்தவரை ஆலையில் கலந்த கான்கிரீட்டை வரவழைப்பதும்தான் வழி.

இன்னொன்று, எல்லாரும் மறப்பது: இந்த ஓராண்டு பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? பத்தாம் வகுப்புக்குப் போகும் ஒரு தொகுதிக்கு இது கடைசி விளையாட்டு ஆண்டாகக்கூட இருக்கலாம். பக்கத்துப் பள்ளி மைதானம், ஊராட்சித் திடல், மாவட்ட விளையாட்டரங்கம் இவற்றில் ஒன்றை வாரத்துக்கு இத்தனை பாடவேளை என்று எழுத்தில் ஏற்பாடு செய்தபிறகே தகரத் தடுப்பை நடுங்கள்.

4. காகிதமும் காசும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நல்ல உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி பெறவேண்டும். சென்னைப் பெருநகரில் அதற்கெனத் தனிக் குழுமம் இருக்கிறது; மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளாட்சியும். கட்டிமுடித்தபின் தாசில்தாரிடம் பொதுக்கட்டட உரிமம் வேண்டும். பள்ளிக்காரர்கள் டி படிவம் என்பார்கள். அதற்கு உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் சுகாதாரச் சான்றும் கேட்பார்கள். புதிய கூடத்தைச் சேர்க்காத பழைய உரிமத்தை வைத்துக்கொண்டு திறப்பு விழா நடத்தாதீர்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் முதல் படி. ஊர்ப் பங்களிப்பு இருந்தால் நமக்கு நாமே திட்டம், இல்லாவிட்டால் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, முன்னாள் மாணவர்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று பல கதவுகள் உண்டு. மதிப்பீட்டில் நூற்றுக்கு ஏழு பங்கு எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். நன்கொடையாளர் தருவதாகச் சொன்ன தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வங்கியில் வந்ததைச் சேருங்கள். கூரைவரை வந்து நின்றுபோன கூடத்தில் மழைநீரும் நாய்களும்தான் பயிற்சி எடுக்கும்.

5. தகரத் தடுப்பின் இரண்டு பக்கமும்

பிள்ளைகளின் கால் படும் இடமும் கட்டுமான இடமும் ஒருபோதும் கலக்கக்கூடாது. எட்டடி உயரத் தகரம், தரையோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல். பச்சை வலையும் கயிறும் தடுப்பே அல்ல. ஆறாம் வகுப்புப் பையனுக்கு அது அழைப்பிதழ். வேலைக்குத் தனிவாசல் வேண்டும். மதிலை உடைத்தாவது பின்பக்கத்தில் ஒன்று போடுங்கள், பிறகு அடைத்துக்கொள்ளலாம்.

என் அனுபவத்தில் கற்ற ஒரு தந்திரம்: தகரத் தடுப்பில் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, உள்ளே தெரியும்படியான தடித்த பிளாஸ்டிக் தகடோ கம்பிவலையோ பொருத்துங்கள். பிள்ளைகள் எப்படியும் எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் ஜன்னல் வைக்காவிட்டால் அவர்கள் செங்கல் அடுக்கி ஏறுவார்கள். ஜன்னல் வைத்த பள்ளியில் இடைவேளைக்கு இடைவேளை வரிசை நின்றது. மதில் ஏறியவர் யாருமில்லை. அறிவியல் ஆசிரியை ஒருவர் அங்கேயே நிறுத்தி, கப்பி பற்றிப் பாடம் எடுத்தார்.

தொழிலாளர் விஷயத்தில் கண்டிப்பும் மரியாதையும் சேர்ந்து வேண்டும். எல்லாருக்கும் படத்துடன் அடையாள அட்டை, காவல்துறைச் சரிபார்ப்பு, வாசலில் வருகைப்பதிவு. மாணவர் கழிவறையையோ குடிநீர்க் குழாயையோ பயன்படுத்தக்கூடாது என்று சொல்வதற்கு முன் அவர்களுக்கென்று தனியாக இரண்டையும் கட்டிக்கொடுங்கள். சித்தாள் பெண்களுக்கும் தனிக் கழிவறை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவரவர் மொழியில் எடுத்துச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். நம் பக்கத்தில் இப்போது பாதிப்பேர் வடமாநிலத்தவர். தமிழில் ஒட்டிய அறிவிப்பு அவர்களுக்குச் சுவர்ச் சித்திரம்தான். இரவில் வளாகத்துக்குள் யாரும் தங்கக்கூடாது.

சிமெண்ட் மூட்டைக்கும் நிழலுக்கும் என்று கீற்றுக் கொட்டகை போட வருவார்கள். விடாதீர்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைக் கொண்டுபோனது கீற்றுக் கூரையில் பற்றிய தீ. அதன்பிறகு பள்ளிகளில் இருந்து கீற்றை அகற்றினோம்; கட்டுமானத்தின் பெயரால் அது திரும்பி வரக்கூடாது. தகரக் கொட்டகை போதும். அதோடு, தடுப்பு நட்டபிறகு ஒருநாள் தீயணைப்பு வண்டி எந்த வழியாக உள்ளே வரும், பிள்ளைகள் எந்த வழியாக வெளியே போவார்கள் என்று நடந்து பாருங்கள். தடுப்பால் ஒரு வழி அடைபட்டிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

மாலையில் மேஸ்திரி கிளம்புமுன் செய்யவேண்டியவை: குழிகளின் மேல் பலகை, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஏணியைப் படுக்கவைத்துப் பூட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளுக்கு உறை, மின்பெட்டியை அணைத்துப் பூட்டு. மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சாரத்தில் ஏற விருப்பமுள்ள பையன்கள் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார்கள்.

6. கடைக்கால்

கரிசல் மண்ணில் அகலமான கான்கிரீட் பாதம் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்று வளர்த்தெடுத்த குமிழ்ப் பைல் முறை இருக்கிறது; பைல் என்றால் மண்ணில் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண். பொறியாளர்கள் அண்டர்ரீம்டு பைல் என்பார்கள். துளையின் அடிப்பாகத்தில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ் வெட்டிக் கான்கிரீட் நிரப்புவார்கள். 300 மில்லிமீட்டர் தண்டு என்றால் குமிழ் 750. ஆழம் பொதுவாக மூன்றரை மீட்டருக்குக் குறையாது. மேல்மண் ஊதிச் சுருங்கும் ஆட்டம் எட்டாத ஆழம் அது. மண் மேலே இழுத்தாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும், ஆணியடித்த வேர்போல.

பைல்களை இணைக்கும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே 80 மில்லிமீட்டர் அளவுக்கு வெற்றிடம் விடவேண்டும். மண் ஊதுவதற்கு அது இடம். கொத்தனார் அதைப் பார்த்து, "ஏன் காலியாக விடுகிறீர்கள்?" என்று அன்போடு மண்ணைத் தள்ளி நிரப்பிவிடுவார். ஒருமுறை நான் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் பதினான்கு மீட்டருக்கு நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கெட்டியும் படுத்திவைத்திருந்தார்கள். கையால் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

உள்தரைக்கு அடியில் உள்ள கரிசலை ஒரு மீட்டராவது வெட்டியெடுத்து, கிராவல் போன்ற ஊதாத மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு உருளை ஓட்டுங்கள். கட்டடத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குச் சரிவான கான்கிரீட் மேடை போட்டால் கூரைநீர் அடிமண்ணுக்குள் இறங்காது.

மே மாதத்தில் கான்கிரீட் போடுவது அதிகாலையில். பத்து மணிக்கு மேல் ஜல்லியில் கைவைக்க முடியாது. அந்தச் சூட்டில் கலவை கைக்கு வருவதற்குள் இறுகும். கோணிச்சாக்கை ஈரமாகப் போர்த்தி, சாதாரண சிமெண்டுக்கே பத்து நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பதினான்கு நாள் தண்ணீர் காட்டவேண்டும். பள்ளி விடுமுறை என்று மோட்டாரைப் பூட்டிவிட்டுப் போய்விடாதபடி சாவியை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் 15 சென்டிமீட்டர் கனசதுரங்கள் எடுத்து 28-ஆம் நாள் சோதனைக்கு அனுப்புங்கள். உடைமாற்றும் அறையின் ஆர்.சி.சி. கூரைக்கு, இடைவெளி 4.5 மீட்டருக்குள் இருந்தால் முட்டுகளை ஏழு நாளைக்கு முன்பும், அதற்குமேல் இருந்தால் பதினான்கு நாளைக்கு முன்பும் கழற்றக்கூடாது. சென்ட்ரிங்காரருக்கு அடுத்த இடத்தில் பலகை தேவைப்படும். அவர் அவசரம் உங்கள் அவசரம் ஆகக்கூடாது.

7. சட்டமும் கூரையும்

20 மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூண் இல்லாமல் கூரை வேண்டுமென்றால், பட்டறையில் செய்து வந்து பொருத்தும் இரும்புச் சட்டமே பள்ளிக்கு ஏற்றது. வளாகத்துக்குள் வெல்டிங், அறுப்பு மிகக் குறைவு. போல்ட் முறுக்குவதுதான் வேலை. 36 மீட்டர் நீளத்துக்கு ஆறு மீட்டருக்கு ஒன்றாக ஏழு சட்டங்கள். கிரேனும் நல்ல குழுவும் இருந்தால் நான்கைந்து நாளில் நிறுத்திவிடலாம். பள்ளி நாளில் கிரேன் கைநீட்டும் வட்டத்துக்குள் ஒரு வகுப்பறை இருந்தாலும் வேலை கூடாது.

கூரைத் தகட்டைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சும். அழுத்துவதைவிட உறிஞ்சுவதுதான் தகட்டுக்கு எமன். இந்தியத் தரநிலை 875-இன் மூன்றாம் பகுதி மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்றுவேகம் தருகிறது. கடலோரப் பள்ளிக்காரர்கள் மதுரை வடிவமைப்பை நகலெடுக்கக்கூடாது. 2018 நவம்பரில் கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் தகடுகள் போன விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஓரத்திலும் முகட்டிலும் திருகாணிகளை நெருக்கமாகப் போடச் சொல்லி, ஏணி போட்டு நீங்களே ஏறி எண்ணுங்கள்.

தகட்டுக்குக் கீழே வெப்பத்தடுப்பு விரிப்பு ஆடம்பரம் அல்ல. அது இல்லாவிட்டால் காலை பத்து மணிக்குமேல் கூடம் அடுப்பு. கீழே சுவரில் காற்றுப் பலகணிகள், முகட்டில் சூடான காற்று வெளியேறும் வழி, இரண்டும் வேண்டும். இறகுப்பந்து ஆடும்போது கீழ்ப்பலகணிகளை மூட வசதி இருக்கட்டும். மேற்குக் காற்று ஆடிமாதத்தில் பந்தைத் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோகும்.

8. தரை, சுவர், விளக்கு

செலவைத் தரையில் போடுங்கள், முகப்பில் குறையுங்கள். வெறும் சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்து ஆடும் பிள்ளையின் முழங்கால் நாற்பது வயதில் கணக்குக் கேட்கும். மரத்தரை மிக நல்லது. ஆனால் கரையானும் கசிவும் உள்ள ஊரில் அடியில் காற்றோட்டமும் ஆண்டுதோறும் பராமரிப்பும் கொடுக்கமுடியாத பள்ளி அதைத் தொடவேண்டாம். மெருகூட்டிய கான்கிரீட்டின்மேல் மெத்தைத்தன்மையுள்ள செயற்கை விரிப்பு, கபடிக்குத் தனியாக அடுக்கிவைக்கும் மேட் என்பது பெரும்பாலான பள்ளிகளுக்குச் சரிவரும். விரிப்பு ஒட்டுமுன் கான்கிரீட் முழுக்கக் காய்ந்திருக்கவேண்டும். தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக ஒட்டி, ஒருநாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கடியில் நீர்த்துளி கோத்திருந்தால் பொறுங்கள்.

சுவருக்கு வெள்ளை வேண்டாம். வெள்ளை இறகுப்பந்து அதில் காணாமல் போகும். ஆளுயரத்துக்கு மேலும் அடர்பச்சையோ நீலமோ அடியுங்கள். விளக்குகளைத் திடலின் நேர்மேலே தொங்கவிடாமல் பக்கவாட்டில் வையுங்கள். கதவுகள் எதிரெதிர்ச் சுவரில் இரண்டாவது இருக்கவேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். கூடைப்பந்துத் தூணும் இலக்குக் கம்பமும் தரையோடு போல்ட்டால் பிணைந்திருக்கவேண்டும். தள்ளிப் பார்த்து அசைந்தால் ரசீதில் கையெழுத்திடாதீர்கள்.

பெண்பிள்ளைகளின் உடைமாற்றும் அறை வரைபடத்தில் இருக்கும். கட்டும்போது பண்டசாலையாகச் சுருங்கும். நாப்கின் எரிப்பான், உட்தாழ்ப்பாள், ஆளுயரத்துக்கு மேலே வெளிச்ச ஜன்னல் இவை மூன்றும் இருக்கின்றனவா என்று ஒரு பெண் ஆசிரியையை அழைத்துப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. ஒப்படைப்பும் சாவியும்

ஒப்பந்தத் தொகையில் ஐந்து விழுக்காட்டை ஓராண்டு பிடித்துவையுங்கள். ஒரு முழு மழைக்காலம் பார்த்தபிறகு விடுவியுங்கள். முதல் பெருமழையன்று கூடத்துக்குள் விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஒழுகும் இடம்.

மின்கட்டணத்தை யார் கட்டுவது, தரையை யார் துடைப்பது, மாலை ஆறு மணிக்குமேல் ஊர் இளைஞர்கள் வரலாமா என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே தீர்மானமாக எழுதுங்கள். நான் போய்ப் பார்த்த நல்ல கூடங்களில் இரண்டு பூட்டிக் கிடந்தன. சாவி தலைமையாசிரியரின் பீரோவில். அவர் மாவட்டக் கூட்டத்தில். ஒரு சாவி உடற்கல்வி ஆசிரியரிடமும், இன்னொன்று விடியற்காலைப் பயிற்சிக்கு வரும் மூத்த மாணவர் அணித் தலைவரிடமும் பதிவேட்டில் கையெழுத்துடன் இருக்கட்டும்.

கரிசல் பள்ளிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை பாக்கி. முதல் கோடையில் சுவர் மூலையில் மயிரிழை விரிசல் ஒன்று நிச்சயம் தெரியும். பூசி மறைக்காதீர்கள். அதன் குறுக்கே விரல்நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் இரண்டு முனையிலும் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். அடுத்த ஐப்பசி முடிந்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் வெறும் பூச்சு விரிசல்; வர்ணக்காரரைக் கூப்பிடுங்கள். உடைந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.